மெஷினில் கார் வாக்ஸ்: பூசுவதும் துடைத்தெடுப்பதும்

காலையில் கழுவி எடுத்த வண்டி, கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை ஒருமுறை போய்வந்தால் போதும், சாயங்காலம் பானெட் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தூசி படிந்திருக்கும். 44ஆம் எண் நெடுஞ்சாலையில் முன்னால் போன எம்-சாண்ட் லாரி, ஊருக்கு வெளியே இருக்கும் கிரஷர், கிரானைட் அறுக்கும் பட்டறை என்று எங்கிருந்து வந்திருந்தாலும் அது கல் பொடிதான். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறும். உங்கள் காரின் கலருக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடி அளவுகூட வராது.

வாக்ஸ் பூசும் மெஷின் வாங்கியதும், அதன் முகத்தில் மாட்டும் பஞ்சு வட்டமான பேட்டில் வாக்ஸைத் தடவி ஓட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் பேட்டுக்கு அடியில் அந்தக் கல் பொடி கொஞ்சம் இருந்தாலும், மெஷின் அதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அதே இடத்தில் தேய்க்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யும் வேலையைப் பற்றியது. மீதியில் முக்கியமாகச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: வாக்ஸ் எவ்வளவு மெல்லிசாகப் படிகிறதோ அவ்வளவு நல்லது. கையால் பூசினால் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் இல்லாமலும் போகும். அதை ஒரே சீராக, மெல்லிசாக இழுத்துக் கொடுக்கத்தான் மெஷின்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். வாக்ஸ் வேறு, பாலிஷ் வேறு, ரப்பிங் காம்பவுண்டு வேறு. காம்பவுண்டும் பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் அறுத்துக் கீறலைக் குறைக்கும். வாக்ஸ் எதையும் அறுக்காது. மேலே ஒரு படலமாக நின்று பளபளப்பும் பாதுகாப்பும் தரும். சின்னக் கீறல்கள் வாக்ஸ் போட்டதும் மறைந்த மாதிரி தெரியும், நாலு வாரத்தில் திரும்பி வரும். ‘கிளீனர் வாக்ஸ்’, ‘பாலிஷ் அண்ட் வாக்ஸ்’ என்று எழுதிய பாட்டில்களில் அறுக்கும் துகளும் கலந்திருக்கும். அதை மாதாமாதம் போடக் கூடாது. இந்தக் கட்டுரை சாதாரண வாக்ஸைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

எந்த மெஷின், எந்த பேட்

புதிதாகக் கற்றுக்கொள்பவர் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் வாங்க வேண்டும். இதில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். ஒரே இடத்தில் அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், அதனால் பெயிண்ட் எரிய வாய்ப்பு குறைவு. ரோட்டரி மெஷின் விடாமல் ஒரே சுற்றாகச் சுற்றும். பழகாத கையில் அது வெயிலில் தெரியும் வளையக் கோடுகளை விட்டுவிட்டுப் போகும், ஓரங்களில் பெயிண்டையே தின்றுவிடும். வெல்டிங் பட்டறையில் இருக்கும் 4 இன்ச் கிரைண்டரில் பேட் மாட்டி ஓட்டுவதை நினைத்தே பார்க்காதீர்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று போகும். வாக்ஸுக்குத் தேவைப்படுவது அதில் சின்னப் பங்குதான்.

5 இன்ச் பேக்கிங் பிளேட் (பேட்டை ஒட்டி மாட்டும் வட்டத் தட்டு), அதற்கு மேல் அரை இன்ச் பெரிதான ஃபோம் பேட் வசதியாக இருக்கும். பேட் பிளேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் பிளேட்டின் ஓரம் பெயிண்டில் இடிக்காது. ஃபோமில் மிக மெத்தென்ற ஃபினிஷிங் பேட் வாங்குங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். விரலால் அழுத்தினால் பன் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். பூசுவதற்கு இரண்டு, துடைக்கும் உறையை மாட்டுவதற்குத் தனியாக ஒன்று என மூன்று பேட் இருந்தால் நிம்மதி.

பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரியும். மெஷின் உறுமுகிறது, ஆனால் கோடு நின்ற இடத்திலேயே அதிர்கிறது என்றால், நீங்கள் அழுத்துகிறீர்கள் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. காசு செலவில்லாத இந்த ஒரு கோடு, பக்கத்தில் ஆள் நின்று சொல்லித்தருவதற்குச் சமம்.

வாக்ஸில், முதல் தடவைக்கு லிக்விட் வாங்குங்கள். டப்பாவில் வரும் பேஸ்ட் வாக்ஸை மெஷின் பேட்டில் அளவாக எடுப்பது பழக்கப்பட்ட கைக்குத்தான் வரும். எதை வாங்கினாலும் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், ஏப்ரல் மே வெயிலில் உருகிப் பிரிந்துவிடும்.

கரண்டு விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. எக்ஸ்டென்ஷன் வயர் சுருளாக இருந்தால் முழுக்க இழுத்து விரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருளாக இருந்தால் சூடாகும். ஈரத் தரையில் நின்று ஓட்டாதீர்கள். வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் பெயிண்டில் உரசாது. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதலில் தூசி

காலை 6 மணிக்குக் கழுவத் தொடங்கினால் 8 மணிக்குள் வாக்ஸ் வேலைக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் சாயங்காலம் 5 மணிக்கு மேல். நிழல் கட்டாயம் வேண்டும், ஆனால் மரத்தடி வேண்டாம். புளிய இலையும் வேப்பம் பூவும் ஈர வாக்ஸ் மேல் விழுந்தால் அந்த இடத்தை மறுபடி செய்ய வேண்டும். போர்டிகோ, ஷெட், தார்ப்பாய் கட்டிய பந்தல் எதுவானாலும் சரி. புறங்கையை பானெட் மேல் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் காத்திருக்க வேண்டும்.

முதலில் கையோ துணியோ படாமல், தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்குங்கள். மேலிருந்து கீழாக, ஐந்து நிமிடம் பொறுமையாக. உலர்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கம் இந்த ஊரில் பெயிண்டைக் கெடுப்பதில் முதலிடம் பிடிக்கும். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறைத் துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதி தேய்த்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். அந்த இரண்டாவது பக்கெட்டின் அடியில் கடைசியில் எவ்வளவு மணல் படிந்திருக்கிறது என்று பாருங்கள். அவ்வளவும் துணியோடு பெயிண்டில் தேய்ந்திருக்க வேண்டியது.

நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு அதிகமானது. அது பெயிண்ட் மேல் காய்ந்தால் வெள்ளை வட்டம் வட்டமாகக் கறை நிற்கும், அதன் மேல் வாக்ஸ் போட்டால் வட்டமும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். எனவே காய விடாமல் உடனே மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுங்கள். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுதான் சிறந்தது. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனத்துக்காகச் சிலர் கார் கழுவ வைத்துக்கொள்கிறார்கள். அதில் உப்பு சாதாரணத் தண்ணீரைவிட அதிகமாகச் செறிந்திருக்கும், கடைசி அலசலுக்கு அதைத் தொடவே கூடாது.

கண்ணாடி மடிப்பு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், டிக்கி இடுக்கு இவற்றில் தங்கிய தண்ணீர் அரை மணி கழித்து மெதுவாக வழிந்து வரும், வாக்ஸோடு கலந்து திட்டாகும். ப்ளோயர் இருந்தால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் கதவு, டிக்கி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடித் துடையுங்கள்.

இப்போது ஒரு சோதனை. காய்கறி வாங்கி வரும் மெல்லிய பாலிதீன் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானெட்டை லேசாகத் தடவுங்கள். வெறுங்கையில் வழுவழு என்று இருந்த இடம், கவர் வழியாக உப்புக் காகிதம் மாதிரி நெருடும். நெருடினால் அதில் ஒட்டிய துகள்கள் இன்னும் இருக்கின்றன, துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரிக் கட்டியான கிளே பார் போட வேண்டும். கிளேயை உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நெருடல் சத்தம் நின்றதும் அடுத்த இடம். அவ்வப்போது கிளேயை மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். அது தரையில் விழுந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள், கழுவினாலும் உள்ளே புதைந்த மணல் வராது.

மாங்காய் சீசனில் இன்னொரு வேலை உண்டு. மாந்தோப்பில் நிறுத்திய வண்டியின் மேல் சொட்டிய பால் காய்ந்து பிசினாக நிற்கும். நகத்தால் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். பறவை எச்சத்துக்கும் இதே வழிதான். எடுத்த பிறகும் தடம் தெரிந்தால் அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது, வாக்ஸால் போகாது, பாலிஷ் வேண்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் பீடிங், வைப்பர் அடி ஆகியவற்றில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இருபது நிமிட வேலைதான். ஒட்டாமல் விட்டால், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஏறிய வெள்ளை வாக்ஸைப் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும்.

வாக்ஸ் போடக் கூடாத வண்டிகளும் உண்டு. மேட் பெயிண்ட் அடித்ததில் போட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும். டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு, மட்கார்டில் பெயிண்ட் முழுக்க ஆறும்வரை போடக் கூடாது. பட்டறை பெயிண்டுக்கு 30 முதல் 90 நாள் வரை சொல்வார்கள், அடித்த பெயிண்டரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூசுவது

புது பேட் காய்ந்திருக்கும். முதலில் அதன் முகம் முழுவதும் விரலால் வாக்ஸை மெல்லிசாகத் தடவிவிடுங்கள். இல்லையென்றால் முதல் பகுதியில் போட்ட வாக்ஸையெல்லாம் பேட்டே குடித்துவிடும். அதற்குப் பிறகு அளவு மிகக் குறைவு. பச்சைப் பட்டாணி அளவில் கூரைக்கு நாலு சொட்டு, பானெட்டுக்கு மூன்று, ஒரு கதவுக்கு இரண்டு. சின்னக் கார் ஒன்றுக்கு மொத்தம் 20 முதல் 30 மில்லி போதும். 100 மில்லி பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டால், துடைக்கும்போது அதற்கான கூலியை உங்கள் தோள்பட்டை கொடுக்கும்.

கூரை, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் என்ற வரிசையில் போங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப்பகுதியில் எவ்வளவு கழுவியிருந்தாலும் மணல் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தொட்ட பேட்டை மேலே கொண்டுவரக் கூடாது.

மெஷினை ஓட விடாமல், பேட்டால் அந்தப் பகுதியில் நாலைந்து இடத்தில் ஒற்றி வாக்ஸைப் பிரித்து வையுங்கள். பிறகு பேட் முழுதாகப் பெயிண்டில் படிந்திருக்கும்போதுதான் சுவிட்சைப் போட வேண்டும். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் சட்டை, சுவர், முன் கண்ணாடி எல்லா இடத்திலும் வாக்ஸ் தெறிக்கும். வேக டயலை 1இல் வைத்து ஒருமுறை பரப்பிவிட்டு, 3க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் தேவையே இல்லை. 5, 6 எல்லாம் பாலிஷ் வேலைக்கு.

கையால் அழுத்தாதீர்கள், மெஷினின் எடையே போதும். ஓர் அடி தூரம் போக நாலு விநாடி என்ற வேகத்தில், இடமிருந்து வலம் நேர்கோடாகப் போய், அடுத்த கோடு முந்தைய கோட்டின் பாதியை மூடும்படி திரும்புங்கள். அந்தப் பகுதி முடிந்ததும் அதே இடத்தில் மேலிருந்து கீழாக இன்னொரு முறை. அவ்வளவுதான். பாலிஷ் மாதிரி ஆறேழு தடவை தேய்ப்பதால் வாக்ஸ் கூடுதலாக ஒட்டிவிடாது. முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பேட் நின்ற பிறகு தூக்குங்கள்.

இப்போது தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும் கோணத்தில் பாருங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டால் ஒரு ஆவி படியுமே, அந்த அளவுக்கு மெல்லிய மங்கல் தெரிந்தால் சரியான அளவு. கோலமாவு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அதிகம். புது வாக்ஸ் சேர்க்காமல் அதே பேட்டை வைத்து அடுத்த பகுதிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

எம்பளம், எழுத்துகள், கைப்பிடிக் குழி, ஆன்டெனா அடி, கண்ணாடிக் கூடு, கூர்மையான மடிப்புக் கோடுகள் இங்கெல்லாம் மெஷின் போக வேண்டாம். சின்ன ஸ்பான்ஜால் கையாலேயே தடவுங்கள்.

துடைத்தெடுப்பது

எப்போது துடைப்பது என்பதற்குக் கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். மங்கல் மேல் சுத்தமான விரலால் ஒரு இழுப்பு. விரல் போன தடம் பளிச்சென்று தெளிவாக இருந்தால் தயார். எண்ணெய் இழுகியது மாதிரி கலங்கினால் இன்னும் ஆறவில்லை. உத்தேசமாக 10 முதல் 15 நிமிடம். மே மாதத்தில் ஐந்து நிமிடத்திலேயே ஆகிவிடும், அப்போது முழு வண்டிக்கும் பூசிவிட்டுத் திரும்பி வராதீர்கள், ஒவ்வொரு பகுதியாகப் பூசித் துடையுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலைப் பனி இருக்கும்போது இருபது நிமிடம்கூடப் பிடிக்கும். பனி ஈரம் வண்டி மேல் இருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். சில சிந்தெடிக் வகைகளைப் பூசியவுடனே துடைக்கச் சொல்லியிருப்பார்கள், சிலவற்றை அதிக நேரம் விடச் சொல்வார்கள். பாட்டிலில் எழுதியிருப்பதுதான் முதல் விதி.

துடைப்பதற்கும் மெஷினைப் பயன்படுத்தலாம். வாக்ஸ் பூசிய பேட்டைக் கழற்றிவிட்டு, சுத்தமான காய்ந்த பேட் ஒன்றை மாட்டி, அதன் மேல் மைக்ரோஃபைபர் உறையை இழுத்து மாட்டுங்கள். மாட்டும் முன் உறையின் முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவுங்கள். ஒரு மணல், ஒரு முள், ஒரு கெட்டித் தையல் இருந்தாலும் கையில் தட்டும். டயல் 3 அல்லது 4. அழுத்தம் கிடையாது. பூசும்போது போனதைவிட வேகமாக நகருங்கள், மங்கலை வாரிக்கொண்டு போனால் போதும், தேய்க்க வேண்டியதில்லை. ஒரு பகுதி முடிந்ததும் உறையைக் கழற்றி உதறுங்கள். வண்டி பாதி முடிந்ததும் புது உறை. பழைய உறையையே கடைசிவரை ஓட்டினால், எடுத்த வாக்ஸையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

உறை வட்டமாகச் சுற்றுவதால் ஓரங்களிலும் மூலைகளிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதற்கும் கடைசித் துடைப்புக்கும் கை துணிதான். 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம்) அளவில் மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வேண்டும். லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், அது கீறும். துணியை இரண்டு தடவை மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும், ஒரு பக்கம் வழுக்காமல் இழுக்கத் தொடங்கியதும் அடுத்ததைத் திருப்புங்கள். கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்காதீர்கள்.

தப்பு நடந்தால்

திட்டுத் திட்டாக எண்ணெய் மாதிரி கலங்குகிறதா? ஆறுவதற்கு முன் துடைத்திருப்பீர்கள், அல்லது அதிகமாகப் பூசியிருப்பீர்கள். பத்து நிமிடம் விட்டு, புதுத் துணியால் துடையுங்கள். அப்படியும் போகாவிட்டால் பெயிண்டைத் துடைக்கத் தெளிக்கும் டீடெய்லிங் ஸ்பிரே ஒரு சொட்டுத் தெளித்துத் துடைக்கலாம்.

காய்ந்து கல்லாகிவிட்டதா? பலம் கொடுத்துத் தேய்த்தால் வளையக் கீறல்தான் மிஞ்சும். அதே வாக்ஸைப் புதிதாக அதன் மேல் மெல்லிசாகப் பூசி, அரை நிமிடத்தில் துடையுங்கள். புது வாக்ஸில் இருக்கும் கரைப்பான் பழையதை இளக்கிக் கொண்டுவந்துவிடும். வெயில் ஏறியபின் வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

கறுப்பு, கரு நீல வண்டிகளில், துடைத்து முடித்த சில மணி நேரத்தில் மறுபடி ஒரு மங்கல் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். வாக்ஸில் உள்ள எண்ணெய் சூட்டில் மேலே கசிவதால் வருவது அது. பயப்பட வேண்டாம், மறுநாள் காலை நிழலில் வைத்து லேசாக ஒருமுறை துடைத்தால் போய்விடும்.

புதிதாக வளையக் கோடுகள் தெரிந்தால், காரணம் வாக்ஸ் அல்ல. கழுவியதிலோ துணியிலோ மணல் இருந்திருக்கிறது. இன்னொரு கோட் வாக்ஸ் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், பாலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது கோட் போட விரும்பினால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அது தடிமனைக் கூட்டுவதற்கு அல்ல, முதல் தடவை விட்டுப்போன இடங்களை மூடுவதற்கு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் இருந்து எடுக்கும் கார்னவ்பா வாக்ஸ், வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதம் நிற்கும். சிந்தெடிக் சீலன்ட் நாலைந்து மாதம்கூட வரும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நிற்கிறதா, தட்டையாகப் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் அடுத்த தடவைக்கு நேரம் வந்துவிட்டது. துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வாக்ஸை வெகு சீக்கிரம் கழற்றிவிடும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் என்ன ஃபோம் அடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விடுங்கள், அல்லது உங்கள் ஷாம்புவைக் கொடுங்கள்.

வேலை முடிந்த அன்றே பேட்டை வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வெல்க்ரோ பிய்ந்து வரும். உறைகளையும் மைக்ரோஃபைபர் துணிகளையும் தனியாகத் துவைக்க வேண்டும், பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு ஏறிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றவே கூடாது, இழைகள் அடைபட்டு அடுத்த முறை வாக்ஸை இழுக்காது. மொட்டை மாடிக் கொடியில் போடாமல் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் காயவையுங்கள், மாடியில் போட்டால் கிரஷர் தூசி ஈரத் துணியில் ஏறிவிடும். காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் எடுத்து வையுங்கள்.